ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய வியர்வை

மதுரை கீழமாசி வீதியில் எனக்கு மளிகை மொத்தக் கடை. புளி, மிளகாய் வற்றல், மல்லி, சீரகம். முப்பது வருடமாக எடை போட்டே சோறு சாப்பிடுகிறேன். அப்படிப்பட்டவனை எடையில் ஏமாற்றிய ஒரு சட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கு பத்துப் பெயரில் விற்கிறது. பெட்டியில் இருக்கும் படம்கூட ஒன்றுதான்.

இணையத்தில் 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். ‘வியர்வைச் சட்டை’ என்று போட்டிருந்தார்கள். கழுத்து வரை ஜிப், முழங்கை வரை கை, உள்ளே வெள்ளித்தாள் போல மினுங்கும் ஒரு பூச்சு, வெளியே கறுப்பு நியோப்ரீன். கடலில் முக்குளிப்பவர்கள் உடம்புச் சூடு வெளியே போகாமல் இருக்க உடுத்துகிறார்களே, அந்தச் செயற்கை ரப்பர்தான். ‘ஒரே வாரத்தில் 5 கிலோ குறையும்’ என்று பெட்டியின் மேல் சிவப்பு எழுத்து. பிரித்ததும் புது டயர் வாசம். மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதை மொட்டை மாடியிலேயே வையுங்கள்” என்றார்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டபுள் எக்ஸ்.எல். என்று வந்தது நம் ஊர் எக்ஸ்.எல். அளவுகூட இல்லை. வயிற்றில் ஜிப்பை ஏற்றுவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நான்காம் நாளே ஜிப்பின் பல் இரண்டு போய்விட்டது. தையல் மட்டும் நன்றாக இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. கீழே மேடைத் தராசு இருக்கிறது. 20 கிராம் வித்தியாசத்தைக் காட்டிவிடும். தொழிலாளர் துறையிடம் வருடா வருடம் முத்திரை வாங்கும் தராசு. முதல் நாள் விடியற்காலை கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் ஒரு காய்ந்த துண்டோடு ஏறி நின்றேன். 84.60. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனேன். ஓடுதளத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். சட்டையைப் போட்டுக்கொண்டு 13 சுற்று நடந்தேன், அதாவது 5.2 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சில நிமிடம் கூட ஆனது. தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் பலன் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். கைப்பகுதியைத் தலைகீழாகப் பிடித்ததும் வியர்வை தரையில் கொட்டியது. சொட்டியது என்று எழுத மனம் வரவில்லை. சொம்பைக் கவிழ்த்ததுபோல்தான் இருந்தது. உடம்பைத் துடைத்து, அதே துண்டைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறினேன். 83.46. ஒரு கிலோ 140 கிராம் போயிருந்தது. கடையைத் திறக்க வந்த பையன் என்னைத் துண்டோடு பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, எதை எடை போடுகிறீர்கள்?” என்று கேட்டான். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவனுக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை 84.52.

நூற்று நாற்பது கிராமாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். மிஞ்சியது எண்பது. அதுவும் முந்தைய இரவு இட்லியில் ஒன்று குறைந்ததால் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் வந்திருந்தாள். பிசியோதெரபி படிக்கிறாள். சட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். “பெரியப்பா, ஈர மிளகாயை என்ன விலைக்கு வாங்குவீர்கள்?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. எடை ஏறட்டும் என்று மிளகாய் மூட்டையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. நான் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்ப்பேன். விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் ஈரத்துக்குக் கழித்துத்தான் விலை பேசுவேன். வெயிலில் இரண்டு நாள் போட்டால் மூட்டைக்கு எத்தனை கிலோ குறையும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். குறைந்தது மிளகாய் இல்லை, தண்ணீர் என்று எனக்குத் தெரியும். என் உடம்பு விஷயத்தில் மட்டும் அது எப்படியோ மறந்துபோனது.

மறுநாளே சோதித்துப் பார்த்துவிட்டேன். அதே 13 சுற்று, அதே நேரம். இந்த முறை பருத்தி பனியன். போகும்போது 84.54, வரும்போது 83.90. குறைந்தது 640 கிராம். ஆக, 1,499 ரூபாய் கொடுத்து நான் கூடுதலாக இழந்தது அரை லிட்டர் தண்ணீர். எங்கள் தெருமுனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் பத்து ரூபாய்.

நடந்ததற்கு உண்மையிலேயே எவ்வளவு கொழுப்பு கரைந்திருக்கும் என்று தம்பி மகளிடம் கேட்டேன். கணக்குப் போட்டுச் சொன்னாள். என் எடைக்கு ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 39 கிராம். என் கடையில் விற்கும் மிகச் சிறிய மிளகுப் பொட்டலமே 50 கிராம். ஆயிரத்து நூற்று நாற்பது கிராமில் முப்பத்தொன்பதுதான் சரக்கு, மீதியெல்லாம் ஈரம். இப்படி ஒருவன் என்னிடம் மூட்டை கொண்டுவந்தால் படியேற விடமாட்டேன்.

அந்த 39 கிராமிலும் பெரும்பங்கு வியர்வையாகப் போவதில்லையாம். கொழுப்பு உருகி வியர்வைத் துளை வழியாக வெளியே வருகிறது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெட்டியின் படத்திலும் மஞ்சள் துளிகள் தோலிலிருந்து வழிவதுபோல்தான் போட்டிருக்கிறார்கள். 2014-இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மாறி மூச்சுக்காற்றில் போய்விடுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அப்படியானால் கொழுப்பில் பெரும்பங்கு போகும் வழி மூக்கும் வாயும். அதற்குச் சட்டை போடுவதற்கில்லை.

பிறகு எதற்காக வியர்க்கிறது? வீட்டில் மண்பானை வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பானையின் மேல் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே நீர் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கலோரிச் சூடு உடம்பைவிட்டுப் போகும். தரையில் கொட்டும் வியர்வை அந்த வேலையைச் செய்வதில்லை. இந்தச் சட்டை, பானையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டுவது போன்றது. நீர் கசிகிறது, ஆவியாக வழியில்லை, சூடு இறங்கவில்லை. சூடு இறங்கவில்லையே என்று உடம்பு இன்னும் கசிய விடுகிறது. நான் சொம்புக் கணக்கில் கொட்டியது உடம்பு தோற்றுக்கொண்டிருந்ததற்கு அடையாளம். அதைப் பார்த்துத்தான் வடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகு சட்டையைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். வியாபாரி புத்தி விடவில்லை. கொடுத்த காசுக்கு ஒரு வாரமாவது போட்டுத் தீர்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆறாம் நாள் 84.48-இல் கிளம்பினேன். எழுந்திருக்கத் தாமதமானதால் வெயில் ஏறிவிட்டது. சித்திரை வெயில். 20 சுற்று நடப்பது என்று வைராக்கியம்.

பதினான்காம் சுற்றில் தலை கனத்தது. பதினேழில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. உதறிவிட்டு நடந்தேன். இருபதை முடித்தபோது எதிரே வருகிறவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் தெரிந்தார்கள். பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தால், பல் போன இடத்தில் சிக்கிக்கொண்டு இறங்கவில்லை. பயந்தது அப்போதுதான். பக்கத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பையன் ஓடிவந்து, இரண்டு கையாலும் இழுத்து ஜிப்பைப் பிய்த்துவிட்டான். உள்ளே அடைபட்டிருந்த சூடு குக்கர் மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. அவன் கொடுத்த தண்ணீரை முகத்தில் பாதியும் வாயில் பாதியுமாக ஊற்றிக்கொண்டேன்.

வீட்டில் எடை 82.66. ஒரு கிலோ 820 கிராம் குறைந்திருந்தது. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவு நீர் போனாலே உழைக்கும் திறன் குறையும், இதயம் வேகமாக அடிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் மாலையில் போனேன். சட்டையைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில்தானே போடுகிறீர்கள்?” என்பது. நான் சாப்பிடும் மாத்திரையில் சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. மருந்து ஒரு பக்கம் நீரை வெளியேற்ற, நான் மறுபக்கம் ரப்பர் சட்டை போட்டுப் பிழிந்திருக்கிறேன். அவர் திட்டியதை எழுத இடம் போதாது. இதே மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தச் சட்டை பக்கமே போக வேண்டாம். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று எந்தத் தொல்லை இருந்தாலும் வேண்டாம். தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்கும் இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

“அப்படியானால் மல்யுத்தக்காரர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் ஏன் போடுகிறார்கள்?” என்று கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுக்குத் தராசில் நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் கணக்கு. எடைப் பிரிவுக்குள் அடங்கியதும் குடித்துச் சாப்பிட்டு மீண்டும் ஏற்றிக்கொள்வார்கள். அதிலும் எத்தனை ஆபத்து பாருங்கள். 1997 இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடை குறைப்பதற்காக நீரை வற்றவிட்டு உடற்பயிற்சி செய்ததில் சில வார இடைவெளிக்குள் இறந்துபோனார்கள். அதன் பிறகு என்.சி.ஏ.ஏ. என்ற அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு ரப்பர் ஆடைக்கும் நீராவிக் குளியலுக்கும் தடை போட்டது. நம் வினேஷ் போகாட்டையும் நாம் மறக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில், 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றினார்கள். இரவு முழுக்க வியர்க்க வைத்தும், தலைமுடியை வெட்டியும்கூட அந்த 100 கிராம் இறங்கவில்லை. நூறு கிராம் என்பது என் கடையில் ஒரு சீரகப் பொட்டலம். அன்று கடையில் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு பதக்கம் இருந்தது, காரணம் இருந்தது. கீழமாசி வீதியில் புளி விற்கிற எனக்கு எந்தப் போட்டி, எந்தப் பதக்கம்?

சட்டையைத் திருப்பி அனுப்பிப் பார்த்தேன். உள்ளாடை வகையில் சேர்ந்ததாம், திரும்ப எடுக்க மாட்டார்களாம். ஜிப் அறுந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். ‘தொடர்ந்து பயன்படுத்தினால்தான் பலன் தெரியும்’ என்று பதில் வந்தது. என்ன கேட்டேன், என்ன சொல்கிறார்கள்! துவைப்பதும் ஒரு வேலை. கையால்தான் அலச வேண்டும், வெயிலில் போடக் கூடாது. நிழலில் போட்டால் இரண்டு நாளாகியும் காய்வதில்லை, பூஞ்சை வாடை வந்துவிடுகிறது. கழுத்தைச் சுற்றி வேர்க்குரு கிளம்பியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆறாம் நாள் குடித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவிப்பில் வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தேன். தம்பி மகள் தொலைபேசியில், “பெரியப்பா, நிறுத்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்” என்றாள். வியர்வையோடு உப்பும் போயிருக்கிறது. ஒரேயடியாக வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்ததாம். வழியெல்லாம் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்குத்தான் அது அதிகம். போன எடை ஒரு கிலோ என்றால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்தில், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் ஈடாகிவிடும். மனைவி நீர்மோரில் உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் கொடுத்தார். அந்த மோருக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். விலை அவர் கேட்கவில்லை.

டீக்கடை நண்பர், இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லி அட்டைப் பெட்டியில் வந்த ஒரு பழச்சாறை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். குடித்தால் சர்க்கரைப் பாகு. உண்மையான ஓ.ஆர்.எஸ். என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். நான்கு சரக்கும் மளிகைக்காரன் கணக்குப்போல் துல்லியம். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றினார். ஓ.ஆர்.எஸ். என்ற அந்தப் பெயரை இனிப்புப் பானத்துக்கு வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில்தான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை சொன்னது. நண்பர் கொண்டுவந்தது பழைய சரக்காக இருக்கலாம். ஒரு மணி நேரம் நடக்கிறவனுக்கு அசல் பொட்டலமே தினமும் தேவையில்லை என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் இருப்பதால் மோரில் உப்பையும் ஒரு சிட்டிகையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இப்போது பருத்தி பனியன்தான். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், நடுவில் தாகம் எடுத்தால் நாலு வாய். எடை பார்ப்பது வெள்ளிக்கிழமை காலை மட்டும், கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, அதே துண்டோடு. இரவுச் சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தியும் காயும் ஆக்கிக்கொண்டேன். முதல் வாரமே 1.8 கிலோ இறங்கியது. மறுபடியும் துள்ளினேன். மறுபடியும் தம்பி மகள்தான் இறக்கிவிட்டாள். மாவுச்சத்தைக் குறைத்தால், உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு முதலில் காலியாகும். அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். ஆக அதிலும் பெரும்பங்கு ஈரம்தான். அடுத்த வாரங்களில் இருநூறு, முந்நூறு கிராம் என்றுதான் போனது. மூன்று மாதத்தில் தராசு காட்டுவது 80.20. வேட்டி மடிப்பு ஒரு கை கூடுதலாக வருகிறது.

சட்டைக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், ஒன்று. பூஜ்யம் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் போன மாதம் விருதுநகர்ப் பக்கம் குளிர்பதனக் கிடங்கில் என் மிளகாய் மூட்டைகளை எண்ணிப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. வழக்கமாக இருபது நிமிடத்தில் பல் கிட்டித்துக்கொண்டு வெளியே ஓடிவருவேன். இந்த முறை மாடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்துப் போய், பனியனுக்கு மேல் போட்டு, அறுந்த ஜிப்புக்குப் பதில் சணலால் கட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் உள்ளே நின்று அத்தனை மூட்டையையும் எண்ணி முடித்தேன். சூடு கொஞ்சம்கூட வெளியே போகவில்லை.